ஒரு கொதி விட்ட இறால்

மீன் நானாவுக்கு ஒரு பேச்சு உண்டு. மோட்டார் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தி, பின்னால் கட்டியிருக்கும் பெட்டியின் மூடியைத் திறந்துகொண்டே சொல்வார்: "தங்கச்சி, கடல்ல இருந்து மாத்தளைக்கு எத்தனை வளைவோ, மீனுக்கு அத்தனை கொதி வுடணும்." தான் விற்கிற சாமானைப் பற்றித் தானே இப்படிச் சொல்கிற வியாபாரியை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மிச்சப் படிப்பெல்லாம் வாசலிலும் பஸ்ஸிலும் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்ததுதான்.

நானாவின் பேச்சு எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நாங்கள் வளர்ந்தபோது மீன் என்றால் கருவாடு; இல்லாவிட்டால் டின் மீன். பச்சை மீன் எப்போதாவது லொறியில் ஏறி வரும். வந்த வேகத்தில் கழுவி, மஞ்சளும் உப்பும் கொறக்காப் புளியும் போட்டு ஒரு கொதி விட்டு வைத்துவிடுவோம். ஃப்ரிஜ் கிடையாது. ஒரு கொதி விட்டால்தான் மறுநாள் வரை தாங்கும். அந்தக் கொதி வரும்வரை அது மீன் இல்லை, வீட்டுக்குள் வந்த ஒரு பயம். கல்யாணம் கட்டி மாத்தளை டவுனுக்கு வந்தேன், ஃப்ரிஜ் வந்தது, மகன்கள் இரண்டு பேரும் வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள். என் கை மட்டும் லயத்திலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் நானாவின் பெட்டியிலிருந்து எது வந்தாலும் முதலில் சட்டியில் ஒரு கொதி.

இதை முதலிலேயே சொல்லி வைக்கக் காரணம் இருக்கிறது. போன வருஷம் என் தங்கச்சி ஒரு முக்கியமான சாப்பாட்டுக்காக வாங்கச் சொன்ன இறாலை நான் அவித்துவிட்டேன். பழக்கத்தில்தான் அவித்தேன் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் பாதி நம்புகிறேன்.

தங்கச்சி இத்தாலிக்குப் போனபோது அவளுடைய மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். புருஷன்காரன் அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டான். நீர்கொழும்புப் பக்கத்துச் சிநேகிதி ஒருத்தி மூலம் வேலை கிடைத்தது. அங்கே தனியாக இருந்த ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சமைத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா" என்று சொல்லிப் போனாள். அந்தக் கொஞ்ச நாளில் பிள்ளை நடந்தது, பேசியது, பல் விழுந்து முளைத்தது, இரண்டாம் வகுப்புக்குப் போனது. என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். தாயை அது "ஃபோன் அம்மா" என்று கூப்பிடும். சாப்பிட உட்காரும்போது ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து, "ஃபோன் அம்மா, இன்னைக்கு பருப்பு" என்று காட்டும்.

அந்த வயசான அம்மா செத்துப்போன பிறகு தங்கச்சி ஊருக்கு வந்தாள். த்ரீவீலில் இருந்து இறங்கியவளைப் பிள்ளை தூரத்தில் நின்று பார்த்தது. கிட்டப் போய்க் கன்னத்தைத் தொட்டது. பிறகு என்னிடம் ஓடி வந்து, "பெரியம்மா, ஃபோன் அம்மாவுக்கு காலெல்லாம் இருக்கு!" என்றது. எல்லோரும் சிரித்தோம். தங்கச்சியும் சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அங்கே இன்னொரு வீடு காத்திருந்தது. செத்துப்போன அம்மாவின் தங்கைக்கும் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கிருந்து ஃபோன் வரும். தங்கச்சி பிடிகொடுக்காமல் தள்ளிக்கொண்டே வந்தாள். "இன்னொரு தடவை போனா, நான் வரும்போது அவ என் தோளுக்கு மேல வளந்திருப்பா அக்கா. அப்புறம் நான் யாருக்கு அம்மா?" என்றாள்.

அந்த நேரத்தில்தான், ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்தில் சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ஒரு சிங்கள மேடம் சமையலுக்கு ஆள் தேடுவதாக என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டு வந்தார். அவர் த்ரீவீல் ஓட்டுகிறவர். ஊரில் எந்தச் சங்கதி நடந்தாலும் முதலில் அவருடைய பின்சீட்டில் ஏறிவிடும். மலையேறிக் களைத்து வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ராத்திரியில் சோறும் கறியும் வேண்டாமாம். சீக்கிரம் ஆக வேண்டும், எண்ணெய் குறைவாக, மரக்கறி நிறைய, கூட ஏதாவது கடல் சாமான், இத்தாலிக்காரர் ஆக்குகிற மாதிரி. தங்க ஒரு அறை உண்டு, பிள்ளையைக் கூட்டி வரலாம், கீழே தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. "சனிக்கிழமை டவுனுக்கு வாறேன். உங்க வீட்டு அடுப்புலயே ஆக்கிக் காட்டுங்க" என்று மேடம் சொல்லியனுப்பினார்.

வேலை கிடைத்தால் பிள்ளை தாயோடு மலைக்குப் போகும். கிடைக்காவிட்டால் தங்கச்சி இத்தாலிக்குப் போவாள், பிள்ளை என் சேலைத் தலைப்பிலேயே இருக்கும். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

அந்த வாரத்து நடுவில் ஒரு சாயங்காலம் தங்கச்சி ஒத்திகை பார்த்தாள். கடையில் கிடைத்த சின்ன இறாலை உரித்து, ஈரம் ஒற்றி ஒரு பக்கம் வைத்தாள். ஒரு அடுப்பில் ஸ்பகெட்டி வெந்தது. மற்ற அடுப்பில் தாச்சியை வைத்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, வெள்ளைப்பூட்டைச் சீவிப் போட்டாள். நான் வழக்கப்படி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வெங்காயம் வேணாம் அக்கா."

காரத்துக்குக் கொச்சிக்காய்த் தூள் போத்தலை நகர்த்தி வைத்தேன்.

"அதுவும் வேணாம்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"பாத்துக்கிட்டிரு. அது போதும்."

பூடு நிறம் மாறுவதற்கு முன்பே பெல் பெப்பரும் தக்காளியும் விழுந்தன. அவை நறுக்கென்று இருக்கும்போதே ஸ்பகெட்டி வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றினாள். கடைசியில்தான் இறால்.

"இதுலதான் எல்லாமே இருக்கு" என்றாள். "இறால் கொக்கி மாதிரி வளையும் பாரு, அப்ப இறக்கிடணும். இன்னும் கொஞ்சம் விட்டா வட்டமா சுருண்டுக்கும். இத்தாலியில நான் பாத்துக்கிட்ட அந்தம்மா சொல்லும், கொக்கின்னா சாப்பாடு, வட்டம்னா அழிறப்பர்னு."

அவள் யோகட் கப்பில் வளர்த்து வைத்திருந்த செடியிலிருந்து இரண்டு இலையைக் கிள்ளிப் போட்டாள். துளசிக்குச் சொந்தக்கார இலையாம், வாசமும் கிட்டத்தட்ட அப்படித்தான். என் வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன, இன்னும் தாளிக்கலையா?"

"ஆக்கி முடிஞ்சுது மாமா. சாப்பிடுங்க."

"முடிஞ்சுதா? நான் இப்பதானே வாசல்ல ஒரு சைக்கிள்காரனோட பேசிட்டு உள்ளுக்கு வந்தேன்!" ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். "நோயாளிக்குக் குடுக்குற சாப்பாடு மாதிரி இருக்கு. ஆனா குடுத்து வெச்ச நோயாளி." கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "இதோட காரமா கொஞ்சம் கட்டச் சம்பல் வெச்சா இத்தாலிக்காரன் கோவிச்சுக்குவானா?" என்று கேட்டார்.

பிள்ளை சாப்பிடுவதை விட்டுவிட்டு, "கொக்கி சாப்பாடு, வட்டம் அழிறப்பர்" என்று வீடெல்லாம் பாடிக்கொண்டு திரிந்தது. எனக்கும் அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. நல்ல பேச்சு ஒன்றைக் கேட்டால் எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. அதுதான் எனக்கு வில்லங்கமாகிப் போனது.

சனிக்கிழமை காலையில் தங்கச்சி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தம்புள்ளைக்கு பஸ் ஏறினாள். அவளுக்குச் சுக்கினி என்ற இத்தாலிக் காய் வேண்டும். மாத்தளை மார்க்கெட்டில் வாடினது கூட இல்லை. போகும்போது, "நானா இறால் கொண்டாருவாரு, வாங்கி வை அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. மழையோடு கரண்ட் போனது. கரண்ட் போன பிறகுதான் நானாவின் ஹோர்ன் கேட்டது.

"இந்தா தங்கச்சி, சிலாபத்து இறால். வெள்ளைக்காரன் திங்கிற சைஸ்."

"நானா, கரண்ட் இல்லையே."

"கரண்ட்ட நம்பியா நாம மீன் திங்கிறோம்? ஒரு கொதி வுடு."

அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம், இருட்டினாலும் வராதாம். இறாலை உரித்தேன். முதுகு நரம்பை எடுத்தேன். பேசினில் வைத்து அலசினேன். ஃபோன் எடுத்துத் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில், மேசைமேல்தான் கிடந்தது. கை ஃபோனுக்குப் போகவில்லை. சட்டிக்குப் போனது. மஞ்சள், உப்பு, ஒரு துண்டு கொறக்கா.

அடுப்பு கேஸ் அடுப்பு. அதற்குக் கரண்ட் தேவையில்லை. மஞ்சள் தண்ணீர் ஓரங்களில் சலசலத்தது. இறால் நிறம் மாறி மெல்ல வளைந்தது. கொக்கி. பார்த்தேன். பிள்ளையின் பாட்டு என் காதில் கேட்டது. அந்த இடத்தில் அணைத்திருந்தால்கூட, ஆற வைத்து, கடைசியில் சும்மா சூடு காட்டி எப்படியோ சமாளித்திருப்பாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறால் கெட்டுவிடுமே என்ற பயத்தில் நின்றேனா, பழக்கத்தில் நின்றேனா, இல்லை, இன்றைக்குச் சாயங்காலம் சமையல் பிழையாகிப் போனால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இத்தாலி ஃபோன் வரும் என்று தெரிந்து நின்றேனா? எத்தனையோ தடவை அந்த அடுப்புக்கு முன்னால் என்னை நிறுத்திக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த மனுஷி பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஒவ்வொன்றாக வட்டமாகச் சுருண்டன. அதற்குப் பிறகுதான் அணைத்தேன்.

பின்னேரம் இரண்டு பேரும் நனைந்துகொண்டு வந்தார்கள். "பெரியம்மா, மஞ்சள் வெள்ளரிக்கா!" என்று பிள்ளை ஒரு சுக்கினியைத் தூக்கிக் காட்டியது. தங்கச்சி பையைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே கரண்டியை விட்டுக் கிளறினாள்.

"யாரு அக்கா இதை அவிச்சது?"

"நான்தான். கரண்ட் போயிருச்சு..."

ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"அழிறப்பரா அம்மா?" என்று பிள்ளை கேட்டது. வந்த நாளிலிருந்து அது அவளை வெறும் "அம்மா" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தங்கச்சி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் நானாவுக்கு ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் நானாவின் குரல் கணீரென்று வந்தது: "பெட்டி காலி மகள். ஒரு மீன் தலை கெடக்கு, சும்மா தாறேன், வேணுமா?"

ஃபோனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன், சண்டை பிடித்திருப்போம், கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாத அக்கா. நீ வேணும்னா செஞ்ச? உன் வீட்டுல நீ எப்பவும் செய்யிறதைத்தானே செஞ்ச" என்றாள். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இறங்காமல் நிற்கிறது.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். எங்கள் மாதிரி வீடுகளில் எது இல்லாவிட்டாலும் டின் மீன் இருக்கும். இரண்டு டின்னை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஐயோ, மேடத்துக்கு டின் மீனா? தோட்டத்துல கூட விருந்தாளிக்கு டின் உடைக்க மாட்டாங்களேடி."

"இத்தாலியில அந்தம்மாவுக்கு மழை நாள்ல இதுதான் அக்கா. மார்க்கெட்டுக்கு நடக்க முடியாட்டி டின்னைத் திறப்பாங்க. என்ன, அதை மறைக்க மாட்டாங்க."

டின்னை வடித்து, மீனின் நடுமுள்ளை எடுத்தாள். முந்தின நாள் வாங்கிக் காய்ந்துபோன றோஸ் பாண் ரொட்டியைக் கையாலேயே உதிர்த்து, பூடு வாசம் ஏறிய எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து எடுத்து வைத்தாள். அதே தாச்சியில் பச்சைச் சுக்கினியும் மஞ்சள் சுக்கினியும் பெல் பெப்பரும் தக்காளியும். பிறகு ஸ்பகெட்டி, கடைசியில் மீன், பிழிந்த தேசிக்காய்ப் புளி, அந்த இலை. மேலே வறுத்த பாண்தூள். மேடத்தின் வாகனம் வாசலில் நிற்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மரக்கறிக்காகத் தாச்சியை மறுபடி அடுப்பில் வைத்தாள். மேடம் செருப்பைக் கழற்றி, கை கழுவி, கரண்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் இறக்கிவிட்டாள். நான் ஒரு மூலையில், கை சும்மா இருக்க மாட்டாமல், அந்த இறாலுக்குத் தேங்காய்ப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மேடம் சாப்பிட்டார். பேச்செல்லாம் சிங்களத்தில். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியால் பீங்கானைக் கிளறித் தேடினார்.

"இறால்னு சொன்னாங்களே?" என்றார்.

"இன்னைக்கு நல்ல இறால் வரல்ல மேடம்" என்றாள் தங்கச்சி. கண்ணைக்கூட என் பக்கம் திருப்பவில்லை.

பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அது ரோட்டில் விளையாடிப் பழகிய சிங்களத்தில், "பொய்! நல்லதுதான் வந்துச்சு! பெரியம்மா அவிச்சுட்டாங்க!" என்று போட்டு உடைத்தது.

மேடம் என்னைப் பார்த்தார். நான் கறிச் சட்டியை மூடினேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். "மஞ்சள் போட்டா?"

"ஆமா மேடம். கொறக்காவும்."

"எங்க அம்மாவும் இதேதான். கடலைக் கண்ணால பாக்காத ஊர்க்காரங்க எல்லாம் இதேதான். எங்க, அதைக் கொண்டாங்க."

கறியை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு இறாலை மென்று மென்று விழுங்கிவிட்டு, "தேங்காய்ப்பால் ஆணம் நல்லா இருக்கு" என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு தங்கச்சியிடம் திரும்பினார். "எங்க பக்கம் மழை வந்தா மீன்காரன் ஏற மாட்டான். பெரிய சமையல்காரன் ஒருத்தனை வெச்சிருந்தேன், மீன் இல்லாட்டி முகத்தைத் தூக்கிக்கிட்டு உக்காந்துக்குவான். நீங்க அடுத்த மாசம் வாங்க. ஒரு மாசம் பாப்போம். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

தங்கச்சி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, "பாத்தியா, உன் கொதியாலதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது!" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாராவது ஒருத்தர் சிரிக்காமல் என்னை உற்றுப் பார்த்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

போகிற நாளில் பிள்ளை எல்லாவற்றையும் எடுத்து வைத்தது: பள்ளிக்கூடப் பை, கால் உடைந்த பொம்மை, யோகட் கப்பில் இருந்த செடி. கடைசியில் என்னிடம் வந்து, "பெரியம்மா, உங்க பழைய சேலை ஒண்ணு தாங்க" என்றது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. தங்கச்சியும் கேட்கவில்லை. அவள் தானே மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பிறகு வந்த நாட்களில் நானா ஹோர்ன் அடித்தாலும் நான் வெளியே போகவில்லை. இரண்டு பேருக்கு மீன் எதற்கு என்று சாக்குச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை விடியவே நானே அவரைத் தேடிப் போனேன்.

"இறால் வேணும் நானா. பச்சையா. ரிவர்ஸ்டனுக்குக் கொண்டு போகணும்."

"அவிக்காமயா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்குச் சொகமில்லையா தங்கச்சி?"

"ஐஸ் நிறையப் போடுங்க."

"அத்தன வளைவும் ஏறுறியே, ஒரு கொதி—"

"நானா, ஐஸ் போடுங்க."

தன் சின்னப் பெட்டி ஒன்றையே கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். மூடியின் இடுக்கால் குளிர்ந்த தண்ணீர் கசிந்து சேலையை நனைத்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். கொண்டக்டர் வந்து பெட்டியில் தட்டினான்.

"அக்கா, உள்ளுக்கு யாரு? டிக்கட் போடவா?"

"சின்னப் பிள்ளைப்பா. அரை டிக்கட் போடு."

"வாசத்தைப் பாத்தா கிழவன் மாதிரி இருக்கே!"

பஸ்ஸே சிரித்தது. ரத்தோட்டை தாண்டி மலை ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் நானாவின் பேச்சு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கைக்கு ஒரு சட்டியும் அடுப்பும் வேண்டும் போல் இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மேலே போகும்போது பனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் போனது.

பிள்ளை வாசல் கேட் வரைக்கும் ஓடி வந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா! பெரியம்மா அவிக்கல்ல!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியது. அம்மா என்று கூப்பிட இப்போது அதற்கு யோசனை தேவைப்படவில்லை.

கெஸ்ட் ஹவுஸில் அன்றைக்கு ஆட்கள் குறைவு. அவர்களுக்குக் கொடுத்து முடித்த பிறகு எங்களுக்கென்று தங்கச்சி தாச்சியை வைத்தாள். குசினி பெரியது, நான்கு அடுப்பு, எல்லாம் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள். பூடு, சுக்கினி, தக்காளி. இந்தத் தடவை நான் வெங்காயத்தைத் தேடவில்லை. ஸ்பகெட்டி வடிக்கப் பேசின் பக்கம் திரும்பியவள், "அக்கா, இறாலைப் போட்டுட்டேன். ஒரு நிமிஷம் பாத்துக்க" என்றாள்.

தாச்சிக்கு முன்னால் நின்றேன். சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து சிவந்து வந்தது. வால் மடங்கியது. முதுகு வளைந்தது. கைப்பிடியைப் பிடித்து, அடுப்பை அணைத்து, தாச்சியை இறக்கி வைத்தேன். எதையும் யோசிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது.

தங்கச்சி வடிதட்டோடு திரும்பினாள். தாச்சிக்குள் பார்த்தாள். எல்லாம் கொக்கி. ஒரு வட்டம்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த ஸ்பகெட்டியிலிருந்து ஆவி எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

"சரியா எடுத்துட்ட" என்றாள்.

"ம்."

"ஒரே ஒரு தடவைதானே சொன்னேன்."

எந்த இடத்திலும் பேச்சுக்குக் குறை இல்லாதவள் என்று என்னைச் சொல்வார்கள். ஏற்கெனவே பளபளத்த அடுப்பை நான் துணி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பகெட்டியைத் தாச்சியில் கொட்டிப் பிரட்டினாள். தேசிக்காய் பிழிந்தாள். செடி இப்போது பெரிய சாடியில் இருந்தது; அதிலிருந்து இலை கிள்ளினாள். மூன்று பீங்கானில் போட்டு மேசைக்குக் கொண்டு வந்தாள். நாங்கள் சாப்பிட ஆரம்பித்தோம். இறால் பல்லுக்கு வேலை வைக்கவில்லை. இவ்வளவு வருஷம் நான் இதை யாருக்கும் கொடுத்ததில்லையே என்று இருந்தது.

பிள்ளை ஒரு இறாலை முள்கரண்டியில் குத்தித் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. "கொக்கி!" என்றது. பிறகு யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பியது.

"பெரியம்மா, உங்களுக்குத்தான் தெரியுமே. அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் வட்டமா ஆக்குனீங்க?"

நான் பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குக் கரண்ட் போயிருச்சுடி" என்றாள் தங்கச்சி, தன் பீங்கானில் இருந்த இறாலை எடுத்து என் பீங்கானில் வைத்துக்கொண்டே.